பாடசாலையை மூடிவிட்டால் காய்ச்சல் போய்விடுமா?

கொள்ளைநோய் வரும்போதெல்லாம் பாடசாலைகளுக்கு ஒரு சுற்றறிக்கையும் வருகிறது. கைகளை அடிக்கடி சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். நெரிசலைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருக்க வேண்டும். மூன்று விதிகள். மூன்றும் மருத்துவ விஞ்ஞானம் ஐயமறக் கண்டு சொன்னவை. அவற்றோடு நமக்கு எவ்விதச் சண்டையும் இல்லை.

ஆனால் அந்தச் சுற்றறிக்கையை எட்டியாந்தோட்டைக்கு மேலேயுள்ள ஓர் இறப்பர்த் தோட்டப் பாடசாலையின் சுவரிலோ, இறக்குவானை மலைச்சரிவிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் சுவரிலோ ஒட்டிவிட்டு, சற்று நின்று மீண்டும் வாசித்துப் பாருங்கள். முதல் விதி தண்ணீரைக் கேட்கிறது. இரண்டாவது விதி இடத்தைக் கேட்கிறது. மூன்றாவது விதி ஒரு தாயின் நாட்கூலியைக் கேட்கிறது. இம்மூன்றையும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் கொழும்பிலே மாடிக் கட்டிடங்களில் இருக்கிறார்கள். சுற்றறிக்கையோ அவற்றை எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிறது!

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். முதல் நாள் பிற்பகல் காய்ச்சலில் வாங்கின்மீது சுருண்டு படுத்திருந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மறுநாட் காலையில் வழக்கம்போல வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தாயிடம், "ஏன் தங்கச்சி, பிள்ளையை இன்றைக்கு ஒரு நாளாவது வீட்டில் வைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வீட்டுல வச்சா யாருங்க சார் பாக்குறது? நான் நின்னா பேரு போயிரும். பள்ளிக்கூடத்துலன்னா நீங்களாவது பாத்துக்கிருவீங்க" என்றாள் அவள்.

சுகாதாரப் போதனை செய்யத் தயாராக நின்ற என்னிடம் இதற்கு மறுமொழி இருக்கவில்லை. அந்தத் தாய் அறியாமையால் பிள்ளையை அனுப்பவில்லை. கணக்குப் பார்த்து அனுப்பினாள். பெரட்டுக்களத்தில் பெயர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்ற கணக்கு அது. அந்தக் கணக்கை மாற்றாமல் அந்தத் தாயின் மனத்தை மட்டும் மாற்ற முயல்வது வீண் வேலை. பாடசாலையைக் கடுமையான காய்ச்சலுக்கு ஆயத்தப்படுத்துவது என்றால், தண்ணீர், காற்றோட்டம், உணவு, தாயின் நாட்கூலி ஆகிய நான்கையும் நோய் வருவதற்கு முன்பே பிள்ளையின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவது என்றே பொருள். மற்றவையெல்லாம் காகிதம்.

வெறும் சளிக்காய்ச்சலா?

"இன்புளுவென்சா என்ன பெரிய நோய்? மூன்று நாள் சளி; கொத்தமல்லித் தண்ணீர் குடித்தால் நான்காம் நாள் எழுந்துவிடலாம்" என்று சொல்வாரும் உண்டு. பெரும்பாலான ஆண்டுகளில், பெரும்பாலானோருக்கு அது உண்மையே. ஆயினும் சாதாரண ஆண்டுகளிற்கூட உலகெங்கும் 2,90,000 முதல் 6,50,000 வரையானோர் இன்புளுவென்சாவினால் ஏற்படும் சுவாச நோய்களால் மாண்டுபோவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இது சாதாரண ஆண்டின் கணக்கு. அசாதாரண ஆண்டின் கணக்கை இலங்கை ஒரு முறை கண்டிருக்கிறது.

1918ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அந்தப் பெருங்காய்ச்சல் இலங்கையை முதன்முறை தொட்டது. அந்த அலை அவ்வளவு கொடியதாக இருக்கவில்லை. ஆண்டின் பிற்பகுதியில் எழுந்த இரண்டாவது அலையே ஆட்களைக் கொண்டுபோயிற்று. 1919ஆம் ஆண்டிலும் அது நீண்டது. இலங்கையில் மாண்டோர் 51,000 முதல் 91,700 வரை என்றே நெடுங்காலம் மதிப்பிடப்பட்டு வந்தது. 2014இல் வெளிவந்த ஆய்வொன்று குடித்தொகைக் கணக்குகளை மீண்டும் ஆராய்ந்து, இழப்பு 3,07,000 வரை இருக்கும் என்றும், அது அன்றைய மக்கள் தொகையில் நூற்றுக்கு 6.7 என்றும் காட்டியது. இரு மதிப்பீடுகளுக்கும் இடையே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மனித உயிர்கள் கிடக்கின்றன! செத்தவர்களைச் சரிவர எண்ணக்கூட முடியாத ஆட்சி அது.

அந்தக் காய்ச்சலுக்கு ஒரு விசேஷ குணம் இருந்தது. முதியவரையும் குழந்தையையும் மட்டும் அது தேடவில்லை. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட, உழைக்கும் வயதினரை வாரிக்கொண்டு போயிற்று. உழைக்கும் வயதினரையே ஆளாகக் கணக்கிட்டுக் கடல் கடந்து கொண்டுவந்து லயங்களில் அடைத்து வைத்த தோட்டங்களில் இதன் பொருள் என்ன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பிளேக்கும் வாந்திபேதியும் தீவுக்குள் நுழைந்துவிடக் கூடாதென்று மண்டபத்தில் முகாம் அமைத்துக் கூலிகளைத் தடுத்துவைத்துச் சோதிக்கத் தெரிந்திருந்தது அன்றைய நிர்வாகத்துக்கு. நாட்டுக்குள் வந்துவிட்ட அதே மனிதன் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஐந்தாறு பேரோடு மூச்சுவிடுகிறானே என்பதைச் சோதிக்கத்தான் தெரிந்திருக்கவில்லை.

அதன்பின் 1957இல் ஆசியக் காய்ச்சல், 1968இல் ஹொங்கொங் காய்ச்சல், 2009இல் பன்றிக் காய்ச்சல் என்று மக்கள் பெயரிட்ட எச்1என்1 என வைரசு உருமாறி உருமாறி வந்தது. 1957இல் அது மிக அதிகமாகப் பற்றியது பள்ளிப் பிள்ளைகளையே. நமக்கு மிக அண்மையில், 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், தென் மாகாணத்தில் வைரசுக் காய்ச்சல் பரவிச் சிறு குழந்தைகள் பலர் உயிரிழந்தபோது, அங்கே ஆரம்ப வகுப்புகளை மூட நேர்ந்தது. தென் மாகாணம் எங்கோ இல்லை. இறக்குவானை மலைக்கு அப்பால் இருக்கிறது தெனியாயை.

பாடசாலை ஏன் இந்நோய்க்கு வாய்ப்பான இடமாகிறது? தொற்றியவருக்கு ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் குறிகள் தோன்றுகின்றன. காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மூச்சிலும் இருமலிலும் வைரசு வெளியேறுகிறது. வளர்ந்தவர் ஐந்தாறு நாள் அதைப் பரப்பினால், பிள்ளை அதைவிட நீண்ட நாள் பரப்பும். ஒரே வாங்கில் மூவர் நெருங்கி உட்காரும் வகுப்பில், ஒரு பிள்ளையின் இருமல் ஒரு வாரத்துக்குள் மூன்று லயங்களுக்குச் செய்தியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

சபரகமுவவுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இம்மாகாணத்தில் காய்ச்சல் ஒன்றல்ல. இரத்தினபுரி எலிக்காய்ச்சலுக்குப் பெயர் பெற்ற மாவட்டம். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் டெங்கு ஓய்வதில்லை. முதல் நாள் மூன்றும் ஒன்றுபோலவே சுடுகின்றன. "இப்போது எல்லோருக்கும் இந்தக் காய்ச்சல்தான்" என்று சொல்லி டெங்குப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. கடையில் அஸ்பிரினோ இபுபுரூபனோ வாங்கிக் கொடுப்பது அதனிலும் ஆபத்து. ஆகவே இன்புளுவென்சாவுக்கு ஆயத்தமாகும் பாடசாலை, காய்ச்சல் என்ற பொதுச் சொல்லுக்கே ஆயத்தமாக வேண்டும்.

கேகாலை மண் கண்ட பாடம்

வரலாற்றை வெகுதூரம் தேட வேண்டியதில்லை. 1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. ஓடும் ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. மகா ஓயாவின் படுகையிலும் களனி கங்கையின் கிளைகளிலும் நுளம்பு பெருகியது. அதுவரை மலேரியாவை அவ்வளவாக அறியாத ஈரவலயத்து மக்களின் உடலில் அதனை எதிர்க்கும் சக்தி இருக்கவில்லை. 1935க்குள் நாடெங்கும் சுமார் 80,000 பேர் மாண்டனர். மிகக் கொடிய அடி விழுந்த இடங்களுள் ஒன்று இதே கேகாலை மாவட்டம்.

சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் அப்போது இந்தக் கிராமங்களுக்கு வந்தார்கள். எஸ்.ஏ. விக்கிரமசிங்க, என்.எம். பெரேரா முதலானோர் அவர்களுள் இருந்தனர். கொயினா மருந்தோடு மட்டும் அவர்கள் வரவில்லை. பருப்பு மூட்டையோடும் வந்தார்கள். ஏனெனில் காய்ச்சலைக் கொடுத்தது நுளம்பு. அந்தக் காய்ச்சலைச் சாவாக்கியது பட்டினி என்பதை அவர்கள் கண்ணாரக் கண்டார்கள். சோற்றுக்கு வழியற்ற உடலில் மருந்து தங்கவில்லை. அந்த மக்கள் என்.எம். பெரேராவைப் "பருப்பு மகாத்தயா" என்று அழைத்தார்கள். 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் வேர்களுள் ஒன்று சபரகமுவவின் ஒரு கொள்ளைநோயில் இறங்கியிருக்கிறது என்பதை நம் மாணவர்கள் மறக்கக் கூடாது.

அன்று அந்த இளைஞர்கள் கண்டறிந்த உண்மையே இன்று நம் பாடசாலைக்கும் பொருந்தும்: நோயைக் கிருமி கொண்டுவருகிறது, அது எவரைக் கொல்லும் என்பதைச் சமுதாய அமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது.

மூடிய கதவுக்குப் பின்னால்

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனாவுக்காக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்து மூடி, 2021 ஒக்டோபர் 21இல் இருநூறு பிள்ளைகளுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகள் முதலிலும், நவம்பரில் மேல் வகுப்புகளும் எனப் படிப்படியாகத் திறக்கப்பட்டன. 2022இன் நடுப்பகுதியில் எரிபொருள் இல்லையென்று மீண்டும் மூடப்பட்டன. 2020இல் முதலாம் வகுப்பில் அரிச்சுவடியைத் தொட்ட பிள்ளை, மூன்றாம் வகுப்பு வரை பாடசாலையைத் துண்டு துண்டாகவே கண்டது.

மூடியதைக் குற்றமென்று சொல்ல வரவில்லை. புதிய நோய்; தடுப்பூசியில்லை; மூட வேண்டிய வேளை இருந்தது. நாம் கேட்பது வேறு: மூடிய கதவுக்கு அப்பால் பிள்ளைக்கு என்ன வைத்திருந்தீர்கள்?

"இணையத்தில் கல்வி" என்றார்கள். கைத்தொலைபேசி ஒன்று, அது தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். பிள்ளைகள் மூவர். மலையிடுக்கில் அலைவரிசை எட்டாது. தொலைக்காட்சியில் பாடம் வந்தது. பால்வெட்டுக்குப் போன தாய் திரும்பும்வரை தம்பியைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண்பிள்ளைக்கு அதன்முன் உட்கார நேரம் வரவில்லை. பாடத்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு லயம் லயமாக நடந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களை வணங்குகிறோம். ஆனால் தனிமனிதரின் தியாகத்தைத் தன் திட்டமென்று கணக்கெழுதிக்கொள்ளும் அரசாங்கத்தை எப்படி வணங்குவது?

பாடசாலையில் ஒரு வேளை உண்ட பிள்ளைக்கு, பாடசாலை மூடியதும் அந்த ஒரு வேளையும் மூடப்பட்டது. இதற்கு மாற்று இல்லாமலில்லை. அதே 2020 மார்ச்சில் கேரள அரசாங்கம் அங்கன்வாடிகளை மூடியபோது, குழந்தைகளின் உணவை வீடுகளுக்கே அனுப்பிவைத்தது. அண்டை மாநிலத்தால் முடிந்தது நம்மால் முடியாது என்பதற்கு விதி ஒன்றும் எழுதப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூடிய பாடசாலையிலிருந்து பிள்ளை எங்கே போகிறது என்று கேளுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா நூற்றிருபது சதுர அடி. ஆறு பேர் படுத்தால் ஆளுக்கு இருபது சதுர அடி. இருமுகின்ற பாட்டியும் கைக்குழந்தையும் அதற்குள் அடக்கம். வகுப்பறை நெரிசலிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று அதைவிட நெரிசலான இடத்துக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவிக்கொள்கிறோம். கைகழுவும் விதியை முழுமையாகக் கடைப்பிடித்தது இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான் போலும்!

நியூயோர்க் சொல்லும் சேதி

இந்தக் கேள்வி புதிதன்று. 1918இல் அமெரிக்க நகரங்கள் பல பாடசாலைகளை மூடியபோது, நியூயோர்க் மூடவில்லை. அந்நகரின் சுகாதார ஆணையாளர் ரோயல் கோப்லண்ட் சொன்ன நியாயம் இது: நகரில் பள்ளிப் பிள்ளைகள் சுமார் பத்து இலட்சம்; அவர்களுள் ஏழரை இலட்சம் பேர் ஏழைகளின் நெரிசலான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்கிறவர்கள். வீட்டைவிடப் பாடசாலை விசாலமானது, காற்றோட்டமுள்ளது, அங்கே அவர்களைப் பார்க்க ஆள் இருக்கிறது. ஒவ்வொரு காலையும் ஆசிரியர் பிள்ளைகளைப் பார்த்தார். சந்தேகமுள்ள பிள்ளையை மருத்துவர் பார்த்தார். நோயுற்ற பிள்ளையின் வீட்டுக்குத் தாதி போனார்.

"அப்படியானால் நாமும் மூடாமலே இருக்கலாம்" என்று அவசரப்பட வேண்டாம். அதே 1918இல் சென் லூயிஸ் நகரம் காலந்தாழ்த்தாமல் பாடசாலைகளையும் கூட்டங்களையும் நிறுத்தி நன்மை கண்டது. 43 அமெரிக்க நகரங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வும், நேரத்தோடு தொடங்கி, நீண்ட நாள் தொடர்ந்து, பல தடைகளை ஒருசேரக் கையாண்ட நகரங்களில் சாவு குறைந்தது என்றே கண்டது. ஆகவே மூடுவதா திறப்பதா என்பதற்கு எக்காலத்துக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. நோயின் கொடுமையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் நியூயோர்க்குக்குத் தெரிவு ஒன்று இருந்தது என்பதைக் கவனியுங்கள். 1902இலிருந்தே அந்நகரப் பாடசாலைகளில் தாதிமார் வேலை செய்தார்கள். பதினாறு ஆண்டுகள் முன்னதாகவே ஆயத்தம் தொடங்கியிருந்தது. அதனால் திறந்து வைக்கவும் முடிந்தது. நம் தோட்டப் பாடசாலைக்கு அந்தத் தெரிவே இல்லை. தண்ணீர் இல்லாததால் பாதுகாப்பாகத் திறக்கவும் முடியாது. உணவும் பாடமும் லயத்துக்குப் போகும் வழி இல்லாததால் பாதுகாப்பாக மூடவும் முடியாது.

யாருடைய பிள்ளை?

இந்நிலைக்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் ஒரு பழைய நாடகம் நடக்கிறது. அரசாங்கத்தைக் கேட்டால், ஊற்றும் பாதையும் லயமும் தோட்ட நிர்வாகத்தினுடையவை என்கிறது. நிர்வாகத்தைக் கேட்டால், பாடசாலை அரசாங்கத்தினுடையது என்கிறது. பிள்ளை நடுவில் நிற்கிறது.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கவும், தக்க பாடசாலை அறையொன்றை ஒதுக்கிப் பேணவும் வேண்டுமென்று தோட்டத் துரைமாருக்குக் கடமை விதித்தது. எத்தனை தோட்டங்களில் அந்த அறை ஒரு கொட்டகையாகவே இருந்தது என்பதை நம் பாட்டன்மார் அறிவார்கள். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலை அதன் வாசலில் நிறுத்தப்பட்டது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டவனின் பிள்ளைக்காக யார் வாதாடுவார்? 1977இலிருந்துதான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. இவ்வாறு பாடசாலை ஒருவரிடமும், அதைச் சுற்றியுள்ள நிலமும் நீரும் வேறொருவரிடமும் ஆயின. நோய்க்கோ இந்த எல்லைக்கல் தெரியாது.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நாட்டிலே மழை அதிகம் பெறும் பிரதேசங்களுள் ஒன்றில் இருந்துகொண்டு பிள்ளைக்குக் கைகழுவத் தண்ணீர் இல்லை என்று சொல்ல வெட்கப்பட வேண்டாமா? உலகப் பாடசாலைகளில் ஐந்தில் இரண்டில் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்ட கைகழுவும் வசதி 2019இல் இருக்கவில்லை என்றும், 81.8 கோடிப் பிள்ளைகள் அதனால் பாதிக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கணக்குக் காட்டின. அந்தப் பெருங்கூட்டத்தில் நம் பிள்ளைகளும் நின்றார்கள்.

செய்ய வேண்டியவை

குறை சொல்வது எளிது என்பார்கள். ஆகையால் வேண்டியதைத் தெளிவாகவே சொல்கிறோம்.

முதலாவது, தண்ணீர். நூறு பிள்ளைகள், நாளுக்கு நான்கு தடவை, தடவைக்கு அரை லீற்றர் என்று வைத்தால் இருநூறு லீற்றர் போதும். நூறு சதுர மீற்றர்க் கூரையின்மேல் பத்து மில்லிமீற்றர் மழை விழுந்தால் சுமார் ஆயிரம் லீற்றர் வடிகிறது. ஒரு பீலியும் ஒரு தாங்கியும் ஐந்தாறு குழாய்களும், தட்டாமல் கிடைக்கும் சவர்க்காரமும் கோடி ரூபாய்த் திட்டங்கள் அல்ல. மழையில்லாத மாதங்களுக்குத் தோட்டத்து ஊற்றிலிருந்து குழாய்வழி கொடுப்பது நிர்வாகத்தின் கடமையாக வேண்டும்.

இரண்டாவது, காற்று. பழைய நீண்ட மண்டபமும் அரைச்சுவரும் பார்வைக்கு ஏழ்மையானவை. இந்நோய்க்கு அவை நல்லவை. அவற்றை மூடியடைத்து நவீனமாக்குவதாகக் கெடுக்க வேண்டாம். சாரல் அடிக்காதபடி தாழ்வாரத்தை நீட்டுங்கள்; வெயில் நாளில் வகுப்பை மரத்தடிக்குக் கொண்டுபோங்கள். வெள்ளத்திலும் மண்சரிவிலும் இதே பாடசாலைகள்தாம் அகதி முகாம்களாகின்றன. 2016இல் அரநாயக்கவிலும் புளத்கோபிட்டியவிலும் மலை இறங்கியதை மறந்துவிடவில்லை. நூறு குடும்பங்கள் ஒரு மண்டபத்தில் படுக்கும் இரவிலும் காற்றும் தண்ணீரும் வேண்டியிருக்கும்.

மூன்றாவது, நோயுற்ற பிள்ளைக்கு ஓர் இடம். வகுப்பிலிருந்து விலகிய ஒரு மூலை, ஒரு பாய், ஒரு வெப்பமானி, சில முகக்கவசங்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் தொலைபேசி எண். மூச்சு வேகமாக வாங்குதல், விலா உள்ளிழுத்தல், உதடு நீலமாதல், நீர் குடிக்க மறுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் மயங்கிக் கிடத்தல், விட்ட காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குத் தோட்டத்து லொறியோ வேறு வாகனமோ எவ்வேளையும் தரப்பட வேண்டும். மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திருக்க நேரம் இராது.

நான்காவது, உணவும் பாடமும். பாடசாலை மூடப்படுமானால் உணவு மறுநாளே உலர்பொருளாக லயத்துக்குப் போக வேண்டும். நான்கு வாரங்களுக்கான பாடத்தாள்கள் தமிழில் அச்சாகி ஒவ்வொரு பாடசாலையின் அலுமாரியிலும் முன்கூட்டியே இருக்க வேண்டும். கொள்ளைநோய் வந்தபின் அச்சகத்தைத் தேடுவது வீடு எரியும்போது கிணறு வெட்டும் வேலை.

ஐந்தாவது, மொழி. அறிவித்தலும் ஆலோசனையும் தாய்க்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். தமிழ் பேசும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் இந்த மாகாணத்துக்குப் போதிய அளவு நியமிக்கப்பட வேண்டும். உயிர் காக்கும் வாக்கியம் மொழிபெயர்ப்பாளருக்காகக் காத்திருக்கலாகாது.

ஆறாவது, எல்லாவற்றுக்கும் அடிப்படையானது: கூலி. பிள்ளைக்குக் காய்ச்சலென்று பாடசாலையோ மருத்துவரோ எழுதிக் கொடுத்தால், தாயோ தந்தையோ வீட்டில் நிற்கும் நாட்களுக்குப் பெயர் விழ வேண்டும். சம்பளம் வர வேண்டும். இதைக் கம்பெனியும் அரசாங்கமும் பங்கிட்டுக்கொள்ளட்டும். தொழிற்சங்கங்கள் இதைச் சம்பள நிர்ணயப் பேச்சுகளில் வைக்கட்டும். இந்த ஒன்றைக் கொடுக்காமல் "காய்ச்சல் கண்ட பிள்ளையை அனுப்பாதே" என்று கட்டளையிடும் உரிமை எவருக்கும் இல்லை.

நம்மவரிடம் ஒரு வார்த்தை

எதிரணியோடு வாதிடுவது எளிது. நம்மவரிடமும் இரண்டு வாதங்களைக் கேட்கிறோம்.

"நிலமும் வீடும் இல்லாதவனுக்குச் சவர்க்காரம் எதற்கு? லயம் ஒழிந்தால் நோயும் ஒழியும், அதுவரை இவை வெறும் ஒட்டுவேலை" என்கிறார் ஒரு நண்பர். லயம் ஒழிய வேண்டும் என்பதில் நமக்குள் பேதமில்லை. ஆனால் அடுத்த காய்ச்சல் லயம் ஒழியும்வரை காத்திருப்பதாக வாக்களித்திருக்கிறதா? 1934இல் பருப்பு மூட்டையைச் சுமந்தவர்கள் நிலப்பிரச்சினை தீரட்டும் என்று கொழும்பில் உட்கார்ந்திருக்கவில்லை. பருப்பைச் சுமந்த தோள்தான் பின்னர் கொடியையும் சுமந்தது. சிறு கோரிக்கைக்காகப் போராடத் தெரியாதவன் பெருங்கோரிக்கையை வெல்வான் என்று நம்புவதற்கில்லை.

"ஆசிரியர் மருத்துவரா? பரீட்சை, பதிவு, கூட்டம் என்று கிடக்கும் வேலைக்குமேல் இதுவுமா?" என்கிறார் இன்னொருவர். நியாயமான சலிப்பு. ஆனால் ஆசிரியர் மருத்துவராக வேண்டுமென்று எவரும் கேட்கவில்லை. அவர் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் வரவு இடாப்பு. நாற்பது பேர் வகுப்பில் நாள்தோறும் நான்கு பேர் வராமலிருப்பது வழக்கம். திங்கட்கிழமை ஒன்பது பேர் வரவில்லை. அவர்களுள் ஆறு பேர் ஒரே லயத்துப் பிள்ளைகள். திருவிழா இல்லை, சம்பள நாள் இல்லை, அடைமழையும் இல்லை. இந்த வித்தியாசத்தை வேறெந்த அதிகாரியும் அன்றே அறிய முடியாது. ஆஸ்பத்திரிப் பதிவில் அது ஏறுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஆசிரியரின் பேனா அதை எழுதிவிடுகிறது. அந்த எண்ணை அன்று மாலையே பரிசோதகருக்குத் தெரிவிப்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை, அக்கறை போதும். தெரிவித்த எண்ணுக்கு மறுமொழி சொல்ல ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதே அரசாங்கத்திடம் நாம் கேட்பது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் சலுகை கேட்பதன்று. தோட்ட எல்லையைத் தாண்டியதும் சிங்களக் கிராமம். அங்கேயும் ஒழுகும் கூரையும் ஓட்டை வாளியும் கொண்ட சிறு பாடசாலை. அந்தப் பிள்ளையின் தாய் சிற்றுடைமைத் தேயிலையிலோ இறப்பரிலோ அதே நாட்கூலிக்கு நிற்கிறாள். 1934இன் காய்ச்சல் இனம் கேட்டுக் கொல்லவில்லை. இரண்டு பாடசாலைகளின் ஆசிரியர்களும் ஒரே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு ஒரே வலயப் பணிமனையின் படியேறுவார்களானால், அது நூறு மேடைப் பேச்சுகளுக்குச் சமம்.

இலங்கையில் இன்புளுவென்சா ஆண்டுக்கு இரு முறை தலைதூக்குகிறது: ஏப்ரல் முதல் யூன் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றொன்று. கொடிய வகை எந்த ஆண்டு வரும் என்று எவரும் சொல்ல முடியாது. வரும் என்பதை மட்டும் வரலாறு நான்கு முறை சொல்லிவிட்டது. எனவே ஆயத்தத்துக்கு நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த தவணை தொடங்கும் முதல் வாரத்தில் ஒவ்வொரு பாடசாலையிலும் அதிபரும் ஆசிரியர்களும் பெற்றோரும் தொழிற்சங்கத் தலைவரும் தோட்ட நிர்வாகியும் பரிசோதகரும் ஒரே வாங்கில் உட்காரட்டும். குழாயைத் திறந்து பார்க்கட்டும். தண்ணீர் வருகிறதா, இல்லையா? வராவிட்டால் யார், எந்தத் தேதிக்குள் கொண்டுவருவார் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்திடட்டும்.

அந்தச் சிறுமி அன்றைக்குப் பிழைத்துக்கொண்டாள், சாதாரணச் சளிக்காய்ச்சல்தான். அவளுடைய தாய் என்மேல் வைத்த நம்பிக்கைதான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. "நீங்களாவது பாத்துக்கிருவீங்க" என்றாளே, அவளை அன்று நான் பார்த்துக்கொண்டது எப்படி? ஒரு வாங்கு, என் தோளிலிருந்த துண்டு, ஒரு கோப்பை வெந்நீர். கடுங்காய்ச்சல் ஒன்று வரும் நாளில் இவை போதமாட்டா.